தமிழ் உரைநடையில் இணைப்புச் சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியின் வரலாற்றை அதன் சொற்கள் வாயிலாக ஆராயப் புகுவோர் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே நாடிச் செல்வர். ‘கதிரை’, ‘அலுமாரி’ என்னுஞ் சொற்கள் போர்த்துக்கேயர் நம் நாட்டுக்கு வந்தமைக்குச் சான்றாய் நிற்கின்றன. ‘கந்தோர்’ என்பது ஒல்லாந்தர் ஆட்சியை நினைவூட்டுகின்றது. இவ்வாறு பொருள்களின் பெயர்களைக் கொண்டு அரசியல் வரலாற்றையும் வணிக வரலாற்றையும் விளக்குதல் எளிது. ஆயின், ‘ஆகவே’, ‘எனினும்’, ‘ஏனெனில்’, ‘அன்றியும்’ போன்ற சிறு சொற்களை அங்ஙனம் ஆராய்வார் அரியர். அவை கண்ணாற் கண்டு கையாற் றொடத்தக்க எப்பொருளையுங் குறியா. எனினும், ஒரு சமுதாயம் எப்பொழுது கதை சொல்வதோடு அமையாது காரணங் காட்டி வாதிடத் தொடங்கிற்று, யாருடன் வாதிட்டது, எம்முறையில் வாதிட்டது என்பவற்றை அறிவதற்கு இச்சிறு சொற்களே சிறந்த சான்றுகளாம். ஆதலின் அவற்றின் வரலாற்றை ஒருவாறு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெல் ஐயர், இம்மொழிகளுக்கும் வடமொழி முதலியவற்றுக்குமுள்ள வேறுபாடுகளைத் தொகுத்துக் கூறுமிடத்து, திராவிட மொழிகள் வாக்கியங்களை இணைப்பதற்குத் தனிச்சொற்களினும் வினையெச்சங்களையே பெரிதும் விரும்பும் என்றார். இது முற்றிலும் உண்மை. ஆங்கிலேயன் ‘அவன் எழுந்தான், குளித்தான், கோயிலுக்குப் போனான்’ எனப் பல முற்றுக்களை அடுக்கி, இறுதிக்கு முன்னே ஓரிணைப்புச் சொல்லை வைப்பான். தமிழனோ ‘எழுந்து குளித்துக் கோயிலுக்குப் போனான்’ என்பான். ஈண்டு இணைப்பு வேலையைச் செய்வது தனியொரு சொல்லன்று. வினையின் ஈறே அதனைச் செய்துவிடுகின்றது. கால்டுவெல் ஐயர் கூறியது மொழியியல்பு பற்றிய ஒரு கூற்றே. அதனைக் கொண்டு, தமிழ் கதைக்கும் பாட்டுக்கும் ஏற்ற மொழியேயன்றிக் காரணகாரிய முறைப்படி ஆராயும் உரைநடைக்கு ஏற்றதன்று என்றும், தருக்கத்துக்கு வேண்டும் இணைப்புச் சொற்களை அது பிற மொழியிலிருந்தே பெற்றது என்றும் முடிவுகட்டுவாரும் உளர். ஆங்கிலங் கற்ற நம்மவரிடையேயும் இவ்வெண்ணம் நெடுங்காலம் நிலவியது. அது பொருந்துமா என்பதே நாம் ஆராயவேண்டிய வினா.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தை ஒன்பது இயல்களாக வகுத்து, அவற்றுள் ஏழாவதாகிய இடையியலை இத்தகைய சொற்களுக்கென்றே ஒதுக்கினார். இடைச்சொல்லாவது தனித்து நின்று பொருள் பயவாது பெயரையும் வினையையுஞ் சார்ந்து நின்று அவற்றின் பொருளை விளக்குவது. ‘இடை’ என்னும் பெயரே பொருத்தமுடையது. இரண்டற்கு இடையே நின்று தொழில் செய்யும் இயல்பு அதனாற் புலப்படும்.

இடைச்சொற்களுள் தலையாயது ‘உம்’ என்பது. எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்களை அதற்கு ஆசிரியர் வகுத்தனர். ‘தம்பியும் வந்தான்’ என்றவிடத்துப் பிறரும் வந்தமை எஞ்சி நிற்கின்றது; ‘மூவரும் வந்தனர்’ என்றவிடத்து ஒருவரும் எஞ்சிலர் என்பது பெறப்படுகின்றது. ஒரே ஈறு ஓரிடத்தில் மிச்சமுண்டு என்பதையும் மற்றோரிடத்தில் மிச்சமில்லை என்பதையும் உணர்த்துதல் வியப்புக்குரியது. ‘தாயும் தந்தையும்’ என எண்ணுவதும் அதுவே. ‘படித்தும் தேறவில்லை’ என மாறுபாடு காட்டுவதும் அதுவே. ஆங்கிலத்தில் நான்கைந்து தனிச்சொற்கள் பகிர்ந்து செய்யும் பணியை ஓரிடைச்சொல் தானே செய்கின்றது.

அதன் இடமும் நோக்கற்பாலது. ஆங்கில இணைப்புச் சொல் இரு பொருள்களுக்கு நடுவே ஒருமுறை மட்டும் நிற்கும். தமிழ் உம்மையோ இணைக்கப்படும் ஒவ்வொன்றன் பின்னும் நிற்கும். ‘யாழ்ப்பாணமும் மன்னாரும் வன்னியும்’ என்னுந் தொடரில் மூன்று பெயர்களும் ஒரே நிலையின. எதுவும் மற்றொன்றன் பின்னிணைப்பாகாது. அன்றியும், எண்ணும் முறைகள் பலவற்றை நம் இலக்கணம் வகுத்துள்ளது. உம்மை, என்று, என, ஒடு முதலியவற்றால் எண்ணலாம். இடைச்சொல் யாதுமின்றிப் பெயர்களை வாளா அடுக்கியும் எண்ணலாம். பின்னது செவ்வெண் எனப்படும். செவ்வெண்ணாக எண்ணுமிடத்து இறுதியிலே தொகை கொடுத்தல் வேண்டும் என்று நன்னூலார் விதித்தார். ‘நிலம் நீர் தீ வளி விசும்பு என்னும் ஐந்து’ என்பது போல. எண்ணி முடித்தபின் கூட்டுத்தொகை காட்டும் கணக்கனுடைய ஒழுங்கு இவ்விதியில் விளங்குகின்றது.

சொல்லையுந் தொடரையும் இணைப்பதோடு நம் ஆசிரியர் அமையவில்லை. கருத்தைக் கருத்தோடு இணைக்கும் வகைகளையும் ஆராய்ந்தனர். சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலையை நன்னூலார் நான்கு உவமைகளாற் காட்டுவர். ஆற்று நீர் இடையறாது ஓடுவதுபோல ஒன்றிலிருந்து மற்றொன்று தொடர்ந்து செல்வது ஆற்றொழுக்கு. சிங்கம் முன்னும் பின்னும் நோக்குவதுபோல இருபுறமும் இயைவது அரிமா நோக்கு. இடையிலுள்ளதைக் கடந்து அப்பாலுள்ளதோடு சென்று பொருந்துவது தவளைப் பாய்த்து. உயரப் பறக்கும் பருந்து தான் வேண்டிய ஒன்றன்மேல் விழுந்து கவர்வதுபோலக் கருதியதனை முடிப்பது பருந்தின் வீழ்வு. கட்டுரை எழுதப் பயிலும் மாணாக்கர் பந்தியமைப்புப் பற்றி ஆங்கில நூல்களிற் படிக்கும் பலவும் இந்நான்கினுள் அடங்கிக் கிடக்கின்றன. திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகரும் அதிகாரந்தோறும் தொடக்கத்திலே, அவ்வதிகாரம் முன்னையதன் பின் வைக்கப்பட்டமைக்குக் காரணம் இஃதென இயைபு கூறிச் செல்லுதல் காண்க.

இனி, இவ்விணைப்பு முறைகள் ஏட்டில் எழுதப்பட்ட வகையை நோக்குவோம். பனையோலைச் சுவடியிற் சொற்களுக்கிடையே வெளி விடுதல் இல்லை; நிறுத்தக் குறிகளும் இல்லை; மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுதலுங்கூடப் பெரும்பாலும் இல்லை. இந்நிலையில் ஒரு கருத்து எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகின்றது என்பதனைப் படிப்போன் எவ்வாறு அறிவான்? வாக்கிய ஈற்றில் நிற்கும் ஏகாரம், ‘என்க’, ‘என்பது’ என்பன முற்றுப்புள்ளியின் தொழிலைச் செய்தன. ‘இனி’ என்பது புதிய பந்தியைத் தொடங்கிற்று. ‘அன்றியும்’ என்பது அரைப்புள்ளியாயிற்று. இவற்றை வெற்றசை என்றும் பழைய நடையின் பளு என்றும் தள்ளிவிடுவோர், ஓலையின் நிலையை மறந்துவிடுகின்றனர்.

கல்வெட்டுக்களிலும் இதே நிலையைக் காணலாம். முதலாம் இராசராசன் (985–1014) காலந் தொட்டுச் சோழர் கல்வெட்டுக்களின் முகப்பில் மெய்க்கீர்த்தி அமைந்தது. அரசன் வென்ற நாடுகள் யாவும் எச்சங்களாலும் உம்மைகளாலும் ஒரே தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். தஞ்சைப் பெருங்கோயிற் சுவரிலுள்ள புகழ்பெற்ற சாசனமொன்று, கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுமாறு அவ்வரசன் ஆணையிட்டதைக் கூறுகின்றது. ஒவ்வொரு வகையின் பின்னும் உம்மை நிற்கின்றது. பிறர் கொடுத்தவை என்னும் இடத்திலே சாசனத்தில் ஆளப்பட்ட சொல் ‘மற்றும்’ என்பது. அஃது அங்கே இணைப்புச் சொல்லாக வரவில்லை. மேற்கூறிய அரச குடும்பத்தினர் அல்லாத ஏனையோர் என்ற பொருளிலேயே வந்தது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் இச்சொல்லிடத்துக்கு நாம் மீண்டும் வருதல் வேண்டும்.

தமிழில் ஆராய்ச்சி உரைநடை பிறந்த இடம் உரையாசிரியர்களின் ஏடுகளே என்பது அறிஞர் கண்ட முடிபு. இறையனார் அகப்பொருளுரை அவற்றுள் மிகப் பழையது. நக்கீரர் முதலாக முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாகத் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்தது தான் என்று அவ்வுரையே கூறுகின்றது. பாண்டியன் ஒருவனது நெல்வேலிப் போரைக் குறிக்குஞ் செய்யுட்கள் அதில் வருதலின், அஃது எட்டாம் நூற்றாண்டளவில் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது எனக் கருதுவர். ஆசிரியன் சொல்ல மாணாக்கன் கேட்டு, ஐயம் வினவி, விடை பெற்ற ஒரு வகுப்பின் ஓசை அவ்வுரை முழுவதிலும் கேட்கின்றது. ஒரு கருத்துக் கூறப்படும், உடனே ‘என்னை?’ என்றொரு வினா எழும். காரணங் கூறப்பட்டு ‘ஆகலான்’ என முடியும். ‘அஃதேல்’ என மறுப்பு வரும். ‘அற்றன்று’ என அதற்கு விடை வரும்.

இம்முறை பிற்காலத்து உரையாசிரியர்களிடம் மேலும் செறிவடைந்தது. இளம்பூரணர் தெளிவாகவும் எளிமையாகவும் எழுதினார். சொல்லதிகாரத்துக்கு உரை செய்த சேனாவரையரோ வடமொழி இலக்கணத்திலும் தருக்கத்திலும் பயின்றவர்; பிறர் கொள்கையை எடுத்துக் காட்டி, அதன் குற்றத்தை விளக்கி, ‘அது பொருந்தாது’ என்று மறுத்து, தம் கொள்கையை நிறுவுவார். அவர் உரையில் ‘ஆகலின்’, ‘எனவே’, ‘அங்ஙனமாயின்’, ‘அற்றேல்’, ‘இனி’ என்னுஞ் சொற்களைக் களைந்துவிட்டால் உரையே கலைந்துபோம். நீதிமன்றத்திலே ஒரு சட்டத்தரணி எதிர்க்கட்சியின் வாதத்தைத் தானே எடுத்துரைத்து மறுப்பதைக் கேட்டவர்க்கு இவ்வுரைநடை புதுமையாகத் தோன்றாது. வைணவ வியாக்கியானங்களிலும் இதே நிலை உண்டு. நம்பிள்ளையின் விரிவுரைகளைக் கேட்டு வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரப்படியில் ‘இறே’ என்னுஞ் சொல் அடிக்கடி வரும். ‘அன்றோ’ என்று எதிரிலிருப்பவரை நோக்கி உடன்பாடு வேண்டும் சொல் அது. எழுத்திலே அமைந்தபோதும் கேட்போர் முகத்தை அவ்வுரை மறக்கவில்லை.

ஈண்டு ஒருண்மை புலனாகின்றது. நம் இணைப்புச் சொற்களுட் பெரும்பாலன இரண்டே வினையடிகளிலிருந்து பிறந்தவை. ஒன்று, ‘ஆ’ என்பது. மற்றது, ‘என்’ என்பது. ஆக, ஆகவே, ஆகையால், ஆதலால், ஆகலின், ஆயின், ஆயினும், ஆனால், ஆனாலும் என்பன முன்னதன் வழிவந்தவை. எனவே, எனின், எனினும், என்றாலும், ஏனெனில் என்பன பின்னதன் வழிவந்தவை. ஆதலைக் குறிக்கும் வினை பொருளின் நிலையைக் கூறுகின்றது. சொல்லுதலைக் குறிக்கும் வினை ஒருவன் கூற்றைக் கூறுகின்றது. உலகம் இவ்வாறு ஆயிற்று, அதனால் இது விளைந்தது என்பது ஒரு வகை இணைப்பு. நீ இவ்வாறு சொன்னாய், அங்ஙனஞ் சொன்னாலும் இது நிற்கும் என்பது மற்றொரு வகை. இன்று நாம் ‘ஆயினும்’, ‘எனினும்’ என்ற இரண்டையும் வேறுபாடின்றி வழங்குகின்றோம். அவற்றின் பிறப்பிலே நுண்ணிய வேற்றுமை ஒன்று இருந்தது என்பதனை அறிதல் நன்று.

‘ஏனெனில்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். காரணத்தைப் பின்னே கூறுதல் தமிழ் மரபன்று, அஃது ஆங்கில வாக்கியத்தைப் பின்பற்றி வந்தது என்று சொல்வாருண்டு. சொல்லைப் பிரித்து நோக்கின் ‘ஏன் என்று வினவினால்’ என்பதே அதன் பொருள். உரையாசிரியரின் ‘என்னை எனின்’ என்பதே சிறிது வடிவம் மாறி நம்மிடம் நிற்கின்றது. முதலிற் கருத்து, பின் கேட்போனுடைய வினா, அதன்பின் காரணம். இந்நிரல் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. ஆங்கிலேயர் நம் நாட்டுக் கரையை அடையுமுன்னரே நம் மாணாக்கர் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டனர்.

‘ஆனால்’ என்பதன் வரலாறு சுவை மிக்கது. அதன் முதற்பொருள் ‘ஆகுமாயின்’ என்பதே. ‘அது மெய்யானால் வருவேன்’ என்றவிடத்து அப்பொருள் இன்றும் வாழ்கின்றது. ‘வருவேன் என்றான், ஆனால் வரவில்லை’ என்றவிடத்து அதுவே மாறுபாட்டைக் குறிக்கின்றது. ‘அங்ஙனமாயின் இதற்கு என் சொல்வாய்?’ என்று மறுப்பைத் தொடங்கும் வாதமுறையே நிபந்தனைச் சொல்லை எதிர்மறுப்புச் சொல்லாக்கிற்று என்று கொள்ளுதல் பொருந்தும். ‘ஆயின்’ என்பதும் இவ்வழியே சென்றுள்ளது. ‘அல்லது’ என்பதும் இத்தகையதே. ‘அல்லாதது’, ‘அன்றி’ என்ற பொருளில் நின்ற அச்சொல், ‘இது அல்லாவிடின் அது’ என்ற நிலையைக் கடந்து, இன்று இரண்டில் ஒன்றைக் குறிக்கும் இணைப்பாகிவிட்டது.

எழுத்தில் மட்டுமன்றிப் பேச்சிலும் இவ்விரு வினைகளே ஆட்சி செலுத்துகின்றன. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் ஒருவன் ‘மழை வருமெண்டபடியால் சூடு அடிக்கேல்லை’ என்னும்போது, ‘எண்டபடியால்’ என்ற சொல்லிலே சேனாவரையரின் ‘என்’ ஒலிக்கின்றது. ‘எண்டாலும்’, ‘ஆனபடியால்’, ‘அப்பிடியெண்டால்’ என்பனவும் அவ்வாறே. கல்லாதார் பேச்சுத் தருக்கமற்றது என்று கருதுவோர் சந்தையிலே விலை பேசுவதைச் சற்று நின்று கேட்டல் நலம்.

அச்சு வந்தபின் நிலை மாறிற்று. 1578இல் அண்டிறீக்கு அடிகளின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறியது. சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியை அடைந்து, சில ஆண்டுகளுட் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். விவிலிய மொழிபெயர்ப்பு இணைப்புச் சொற்களின் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். கிரேக்க மொழியிலே பவுல் எழுதிய நிருபங்கள் வாதமுறையில் அமைந்தவை. வாக்கியந்தோறும் முதலிலோ அதனை அடுத்தோ ஓரிணைப்புச் சொல் நிற்கும். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முயன்றமையால் ‘ஆகையால்’, ‘ஏனெனில்’, ‘ஆகிலும்’ என்பன வாக்கியத்தின் தலைப்பிலே வந்து அமர்ந்தன. சொற்கள் பழையன, அவை பெற்ற இடமும் எண்ணிக்கையும் புதியன. உரையாசிரியரிடத்தில் ஒரு வினாவுக்கு விடையாக நின்ற சொல், இங்கே வினா இல்லாத இடத்தும் வரத் தொடங்கியது. இணைப்புச் சொல் சடங்காக மாறியதன் தொடக்கத்தை இங்கே காண்கின்றோம்.

அம்மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்ட இளைஞர் ஒருவரே இந்நிலையை மாற்றியமைத்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்தார். அது 1850இல் சென்னையில் அச்சாயிற்று. கிறித்தவப் போதகர் மேடையில் நின்று பேசும் முறையையும், அச்சிட்ட சிறு நூல்களாற் கருத்தைப் பரப்பும் முறையையும் அவர் அருகிருந்து கண்டார். 1847ஆம் ஆண்டு திசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பிரசங்கம் என்பது இணைப்புச் சொற்களுக்கு ஒரு கடுஞ் சோதனை. ஏட்டைப் படிப்போன் விளங்காதவிடத்துத் திரும்பிப் பார்க்கலாம்; கேட்போனுக்கு அவ்வசதி இல்லை. எங்கே நிற்கின்றோம், எங்கிருந்து வந்தோம், எங்கே போகின்றோம் என்பதைப் பேசுவோன் சொல்லாலேயே காட்டுதல் வேண்டும்.

நாவலர் ஒரே நடையை எல்லாவிடத்தும் கையாண்டவரல்லர். பாலபாடங்களிற் சிறுவர்க்கென எழுதிய வாக்கியங்கள் குறியவை. இணைப்புச் சொல் அரிதாகவே வரும். 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்திற் கதை செல்லுமிடத்து எச்சங்களாற் கோத்த நெடுவாக்கியங்கள் ஆற்றொழுக்காகச் செல்லும். 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்திலோ மறுப்பே பொருளாதலின், சேனாவரையரின் வாதமுறை புதிய உடையில் வந்து நிற்கின்றது. எங்கே எச்சத்தால் இணைப்பது, எங்கே முற்றாக நிறுத்தித் தனிச்சொல்லால் இணைப்பது என்பதை அறிந்து செய்தவர் அவர். கதைக்கு எச்சம், வாதத்துக்குத் தனிச்சொல். இவ்வளவு தெளிவான பகுப்பு அவர்க்குமுன் அச்சேறிய தமிழ் வசனத்திலே காண்பது அரிது. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் அவருடைய சமயப் பணியையும் பள்ளிப் பணியையும் விரித்துரைக்குமளவுக்கு இதனை விரிப்பதில்லை.

அவர் செய்த மற்றொரு மாற்றம் சொல்லாற் செய்ததன்று. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறிகளைத் தமிழ் வசனத்தில் ஒழுங்குபெற வழங்கி நிலைநிறுத்தியோருள் அவர் முதன்மையானவர். முற்றுப்புள்ளி வந்ததும் ‘என்க’ என்பதற்கு வேலை போயிற்று. பந்தி பிரித்து அச்சிடத் தொடங்கியதும் ‘இனி’ என்பது அருகியது. காற்புள்ளி வந்ததும் உம்மை சில இடங்களில் உதிர்ந்தது. பழைய செவ்வெண் காற்புள்ளியோடு கூடிப் புதுவாழ்வு பெற்றது. குறி ஒன்று புகுந்தால் சொல் ஒன்று வெளியேறும் என்பது மொழி வரலாற்றில் நாம் கருதவேண்டிய ஒரு போக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் தமிழ் உரைநடை சமயவாதத்துக்கு மட்டும் பயன்பட்டதென எண்ணுதல் பிழை. 1841இல் தொடங்கிய உதயதாரகை செய்தியையும் உலகியலறிவையும் தமிழிலே வழங்கியது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் வாயிலாகக் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். நோய்க்குக் காரணம், குறி, விளைவு, சிகிச்சை என்பவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் கூறாது வைத்தியங் கற்பித்தல் இயலாது. தமிழ் தருக்க நெறிக்கு ஏலாது என்ற கூற்றுக்கு ஏட்டளவிலான மறுப்பை உரையாசிரியர் தந்தனர். நடைமுறை மறுப்பை மானிப்பாய் மாணாக்கர் தந்தனர்.

இலக்கண நூல்களும் இக்காலத்தில் அச்சேறின. சேனாவரையர் உரையைப் பதிப்பிப்பதில் நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உழைத்தனர். பின்னர்ப் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் விளக்கக் குறிப்புக்களுடன் திருத்தி அமைத்த பதிப்பு, ஈழகேசரி நா. பொன்னையாவின் முயற்சியாற் சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் 1938இல் வெளிவந்தது. தமிழ் உரைநடை வரலாற்றை முறையாக எழுதிய பேராசிரியர் வி. செல்வநாயகத்தின் நூல் 1957இல் வெளிவந்தது. ஆகவே இத்துறை நமக்குப் புறம்பானதன்று. இடைச்சொல்லைப் பற்றிய ஆராய்ச்சி இம்மண்ணில் நெடிது வளர்ந்ததொன்று.

இருபதாம் நூற்றாண்டிலே பத்திரிகையும் சிறுகதையும் வாக்கியத்தைக் குறுக்கின. இது பெரும்பாலும் நன்மையே. எச்சச் சங்கிலி அறுந்து, வாக்கியங்கள் தனித்தனியே நின்றமையால், அவற்றைப் பொருத்தத் தனிச்சொற்களின் தேவை மிகுந்தது. இந்த இடத்திலேதான் இரண்டு கேடுகள் நுழைந்தன.

முதலாவது, ‘மற்றும்’ என்பதன் பெருக்கம். ‘மற்று’ என்னும் இடைச்சொல்லுக்கு வினைமாற்று, அசைநிலை என்னும் இருபொருளைத் தொல்காப்பியர் கூற, நன்னூலார் பிறிது என்னும் பொருளையுஞ் சேர்த்தனர். எண்ணுப் பொருள் ஒருவராலும் கூறப்படவில்லை. எண்ணுமிடைச்சொற்களின் வரிசையிலும் அஃது இல்லை. இராசராசன் சாசனத்திலே அது பிறரைக் குறித்தமையை மேலே கண்டோம். இன்றோ அரசாங்க அறிவித்தல்களிலும் விளம்பரங்களிலும் ‘ஆசிரியர்கள், மாணவர்கள் மற்றும் பெற்றோர்’ என்று எழுதுகின்றனர். பழைய பொருளில் இதனைப் படிப்பின், ஆசிரியரும் மாணவரும் பெற்றோராயிருக்க, அவரல்லாத ஏனைய பெற்றோரும் உளர் என்றாகும்! ஆங்கிலத் தொடரின் இறுதிப் பெயருக்கு முன் நிற்கும் சிறு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் வைத்தே தீரவேண்டும் என்ற மொழிபெயர்ப்பாளர் நெருக்கடியே இதற்குக் காரணம். அந்தச் சொல்லின் இடத்தில் தமிழில் ஒன்றுமே இல்லை. அதன் பணி ஒவ்வொரு பெயரின் ஈற்றிலும் நடந்து முடிந்துவிடுகின்றது. ‘ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும்’ என்றால் எழுத்தும் குறைகின்றது, பொருளும் தெளிகின்றது.

இதனை ஆதரிப்போர் கூறுவதிலும் சிறிது உண்மை உண்டு. நீண்ட தொடர்களை எண்ணுமிடத்தும், நிறுவனங்களின் பெயர்களிலும், வேற்றுமை உருபுகள் பல தொடருமிடத்தும் உம்மை சில வேளை இடர்தரும். ‘கல்வியினதும் பண்பாட்டினதும் விளையாட்டினதும்’ என்று அடுக்கினால் நா தடுக்கும். அவ்விடங்களுக்கும் வழி இல்லாமலில்லை. ‘ஆகிய’, ‘முதலிய’, ‘என்பன’ என்னுஞ் சொற்களைக் கொண்டு தொகை கொடுத்தால் இடர் நீங்கும்; நன்னூலார் செவ்வெண்ணுக்கு விதித்ததும் அதுவே. வழக்கு வலிமையுடையதாதலின் ‘மற்றும்’ முற்றாக மறைந்துவிடும் என யாம் கருதவில்லை. பாடசாலைக் கட்டுரையிலேனும் அதற்கு இடங்கொடாதிருத்தல் தக்கது.

இரண்டாவது கேடு சொல்லைப் பற்றியதன்று, பயன்படுத்துவோரைப் பற்றியது. பரீட்சை விடைத்தாள்களைப் பார்க்கும் ஆசிரியர்க்கு இது நன்கு தெரியும். பந்திதோறும் ‘மேலும்’ என்று தொடங்கும். உட்புகுந்து பார்த்தால் முன்பந்தியின்மேல் ஒன்றும் ஏறியிராது. ‘எனவே’ என்று முடியும். அதற்கு முன் காரணம் ஒன்றுங் கூறப்பட்டிராது. ‘ஆனால்’ என்று திரும்பும். திரும்பிய திசை முன் சென்ற திசையே. கட்டுரைக்கு இணைப்புச் சொற்கள் வேண்டும் என்று கற்பித்து, அவற்றின் பட்டியலொன்றை மனனஞ் செய்விக்கும் முறையே இதற்குப் பெரிதும் பொறுப்பாகும். ‘எனவே’ என எழுதுமுன் ‘எதனால்?’ என்றும், ‘எனினும்’ என எழுதுமுன் ‘யார் சொன்னதற்கு மறுப்பாக?’ என்றும் மாணாக்கன் தன்னைத்தான் வினவுதல் வேண்டும். விடை கிடைக்கவில்லையெனின் அச்சொல்லை நீக்கிவிட்டு வாக்கியத்தை மட்டும் எழுதலாம், குறைவொன்றும் நேராது.

உயர்வகுப்பு மாணாக்கர்க்கு ஒரு பயிற்சியைக் கூறுதல் பொருந்தும். சேனாவரையர் உரையில் உம்மைச் சூத்திரத்துக்கு எழுதிய பகுதியை எடுத்து, அதிலுள்ள இணைப்புச் சொற்களையெல்லாம் மறைத்துவிட்டு, எஞ்சிய வாக்கியங்களை மட்டும் படித்து, மறைத்த இடங்களில் எச்சொல் நின்றிருக்கும் எனத் தாமே ஊகித்து எழுதுக. பின்னர் மூலத்தோடு ஒப்பிடுக. வகுப்பிலே இருவர் இருவராகச் செய்வது நன்று. ஏனெனில் ஒருவர் ‘ஆகலின்’ என்று எழுதிய இடத்தில் மற்றவர் ‘ஆயினும்’ என்று எழுதியிருப்பார். அவ்விருவரும் தத்தம் சொல்லுக்குக் காரணங் கூறத் தொடங்கும்போது, ‘என்னை?’ என்ற பழைய வினா அவ்வகுப்பில் மறுபடியும் எழும்.